ஞாயிற்றுக்கிழமை லீவு

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கொரு முறை கலைப்போட்டி நடக்கும். கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளி. மன்னார்குடிக்கும் நன்னிலத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலம், ஓவியம், களிமண் உருவம், பேச்சு, தனிநடிப்பு என்று இரண்டு நாள் பாடமே நடக்காது. பரிசெல்லாம் எவர்சில்வர். மூன்றாம் பரிசுக்கு டம்ளர், இரண்டாம் பரிசுக்குக் கிண்ணம், முதல் பரிசுக்குத் தட்டு. விளிம்பில் போட்டியின் பெயரைப் புள்ளி புள்ளியாகப் பொறித்திருப்பார்கள். எட்டாம் வகுப்பில் தனிநடிப்புக்கு எனக்குக் கிடைத்தது கிண்ணம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கிடைத்தது தட்டு. அந்த வருடம் முழுக்க அம்மா எனக்கு அந்தக் கிண்ணத்தில்தான் ரசம் ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிந்தது.

தட்டு வாங்கியவளைப் பற்றித்தான் இது. அவளை அவள் என்றே சொல்கிறேன். பெயரைச் சொல்கிற யோக்கியதை எனக்கில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒல்லியாக, பல் கொஞ்சம் எடுப்பாக இருப்பாள். மேடையில் ஏறினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். மீன்காரியாக நடித்தால் நமக்கு மீன் நாற்றமே அடிக்கும். எனக்கு அந்த வரம் இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் ஞாபகசக்தியும் நல்ல குரலும்தான். அவளுக்கு ஈடாக நடிக்க முடியாது என்பது எனக்கே தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் அப்பா வெளிநாட்டில். என் அப்பா குவைத்தில் ஒரு கம்பெனி வேன் ஓட்டினார். அவள் அப்பாவுக்கு வாய்க்கால் ஓரத்தில் மூன்று மா நிலம் இருந்தது. இரண்டு வருடம் குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வரவில்லை. நிலத்தை விற்று, பட்டா கைமாறிய வாரமே ஒரு ஏஜெண்டைப் பிடித்து, துபாய்க்குக் கட்டட வேலை என்று கிளம்பிப் போனார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு யாராவது ஒருவர் கடல் தாண்டிப் போயிருந்தார்கள். சிங்கப்பூர் வீட்டுப் பிள்ளைகள், சவுதி வீட்டுப் பிள்ளைகள், குவைத் வீட்டுப் பிள்ளைகள் என்று நாங்களே பிரித்துவைத்திருந்தோம். அவள் துபாய்.

மாதம் ஒரு கடிதம் வரும் அவளுக்கு. மத்தியானச் சாப்பாட்டின்போது புங்கமரத்தடியில் அதை எனக்குப் படித்துக்காட்டுவாள். மற்றவர்களுக்குக் காட்ட மாட்டாள். "ஒனக்குத்தான்டி புரியும். ஒங்கப்பாவும் அங்கதான இருக்காங்க" என்பாள். துபாயும் குவைத்தும் அவளுக்கு அடுத்தடுத்த தெரு. கடிதத்தில் இந்தியத் தபால்தலைதான் இருக்கும், பம்பாய் முத்திரையோடு. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. லீவில் ஊருக்கு வருகிறவர்கள் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டால், பம்பாயில் இறங்கியதும் தபாலில் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கும் பல கடிதங்கள் அப்படித்தான் வந்தன.

எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி முடியும். "பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம். எண்ணிக் கொடுக்க இங்கே நேரம் இல்லை. நீயே எண்ணிக்கொள்." இதைப் படிக்கும்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். பதின்மூன்று வயதில் பாப்பா என்று கூப்பிடுவது அவளுக்கு வெட்கம். ஆனால் அந்த வரியை ஒருநாளும் விட்டுவிட்டுப் படித்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பு ஆரம்பித்த மாதம் வந்த கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அன்றைக்குத் துணி துவைத்துப்போட்டுவிட்டுக் கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்போம்."

வளைகுடாவில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். வெள்ளிக்கிழமைதான் லீவு. இது எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏனென்றால் நாங்கள் கத்தோலிக்கர்கள். அப்பா போன முதல் வருடம், "இங்கே ஞாயிறு பூசையை வெள்ளிக்கிழமையே வைத்துவிடுகிறார்கள்" என்று எழுதியிருந்தார். அம்மா பதறிப்போய்ப் பங்குச்சாமியாரிடம் ஓடி, ஞாயிற்றுக்கிழமை பூசை காணாமல் இருந்தால் அவருக்குச் சாவான பாவமாகுமா சாமி என்று கேட்டுவிட்டு வந்தாள். ஆகாது என்று அவர் சொன்ன பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் வீட்டில் அப்படிக் கேட்க எந்த அவசியமும் வரவில்லை. எந்தக் கிழமை லீவாக இருந்தால் அவர்களுக்கு என்ன?

ஒருவேளை அவர் கம்பெனியில் மட்டும் அப்படியோ என்று விட்டுவிட்டேன். ஆடி மாதக் கடிதத்தில், "ஒரு வாரமாக விடாத அடைமழை. வேலைக்கே போக முடியவில்லை" என்று இருந்தது. அவள் படித்துவிட்டு, "பாருடி, அங்க போயி மழை கொட்டுது. இங்க வாய்க்கால்ல ஓணான் ஓடுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆடி மாதத்தில் துபாயில் ஏது மழை? ஆடி மாதம் அடைமழை பெய்கிற ஊரின் பெயர் அந்தக் கடிதத்தின் மேலேயே முத்திரை குத்தப்பட்டிருந்தது.

ஏஜெண்ட் பம்பாய் வரைக்கும் கூட்டிப்போய், ஒரு ரூமில் இருபது பேரோடு அடைத்துவைத்து, விசா இன்று வரும் நாளை வரும் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிற கதை அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மாலை போட்டு வழியனுப்பிய ஊருக்குத் திரும்பிவர முகமில்லாமல், அங்கேயே சித்தாள் வேலை பார்த்துக்கொண்டு, துபாயில் இருப்பதாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நான் அவளிடம் சொல்லவில்லை. இரக்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அடுத்தவள் வீட்டு ரகசியம் அவளுக்கே தெரியாமல் என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு இனித்தது. கணக்குப் பரீட்சையில் அவள் என்னைவிட நாலு மார்க் கூட வாங்கியபோது அதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன். நான் அப்படிப்பட்ட பெண்தான்.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் கலைப்போட்டி அறிவித்தார்கள். தனிநடிப்புக்குத் தலைப்பு "நம் ஊர் மனிதர்கள்". முதல் பரிசு வாங்குகிறவளைத் தஞ்சாவூருக்கு அடுத்த சுற்றுக்குக் கூட்டிப்போவார்கள் என்றும் தமிழ் டீச்சர் சொன்னார். எனக்குத் தஞ்சாவூர் வேண்டும், தட்டு வேண்டும், அவள் தோற்கவும் வேண்டும்.

அவள் தன் அப்பாவை எடுத்துக்கொண்டாள். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் அவர் கிளம்பிப்போன அன்றைக்கு நடந்ததுதான் நடிப்பு. புதுச் செருப்பு கடிக்கிறது, அதை யாருக்கும் காட்டாமல் நடக்கிறார். கயிறு கட்டிய சூட்கேஸைக் கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருக்கிறார். பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கடைசியில் வீட்டுச் செய்தி எதுவும் தோன்றாமல், "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்று கத்துகிறார். வகுப்பில் ஒத்திகை பார்த்தபோதே நாலைந்து பேர் அழுதுவிட்டார்கள். எனக்கே கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே, நான் தயார்செய்து வைத்திருந்த ஜோசியக்காரியைத் தூக்கிப்போட்டேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவின் பழைய பேண்ட் சட்டையை எடுத்தேன். கூலிங் கிளாஸ் எடுத்தேன். பரண்மேல் இருந்த குடையைத் தூசி தட்டினேன்.

போட்டியன்று அவள் எனக்கு முன்னால். ஹாலில் எள் போட்டால் விழாது. அவள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே நடந்தபோது சத்தமே இல்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்றதும் தலைமை சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறங்கி வந்தவள் என் கையைப் பிடித்து, "பயப்படாம நடிடி. நான் முன்னாடியே ஒக்காந்திருக்கேன், என்னயப் பாத்துக்க" என்றாள். போய் முதல் வரிசைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நான் குடையோடு ஏறினேன். கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டு, ஒரு காகிதத்தை எடுத்து எழுதுகிற மாதிரி ஆரம்பித்தேன். "அன்புள்ள மனைவிக்கு, துபாயிலேருந்து எழுதுறது. இங்க நான் ராசா மாதிரி இருக்கேன்." பக்கத்தில் யாரிடமோ திரும்பி, "அண்ணே, இந்த பாம்பேல பேரிச்சம்பழம் எங்கண்ணே விக்கிது?" என்றேன். முதல் சிரிப்பு வந்தது. குடையை விரித்தேன். "இங்க ஒரு வாரமா ஒரே மழை. ஒட்டகமெல்லாம் நனைஞ்சி போச்சு." ஹால் அதிர்ந்தது. மைக்செட்காரர்கூடச் சிரித்தார். அவளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்களுக்கு லீவு" என்றேன்.

இந்த இடத்தில் சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது. சவுதி வீட்டுப் பிள்ளைகளும் குவைத் வீட்டுப் பிள்ளைகளும் முதலில் சிரித்தார்கள். சிங்கப்பூர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, அங்கே ஞாயிறுதான் லீவு. பக்கத்தில் இருந்தவர்கள் காதில் சொன்ன பிறகு அவர்களும் சிரித்தார்கள். அவள் காதிலும் யாரோ சொன்னார்கள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் கை வாயிலிருந்து இறங்கிவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் கடிதத்தை மடித்து, கூலிங் கிளாஸைத் தூக்கி, முதல் வரிசையைப் பார்த்து அவள் அப்பாவின் கடைசி வரியைச் சொன்னேன். "பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம். எண்ணிக் குடுக்க இங்க நேரமில்ல. நீயே எண்ணிக்க."

கைதட்டல் வேகத்தில் அந்த வரி தானாக வாய்க்கு வந்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று அதை ஏழெட்டுத் தடவை சொல்லிப்பார்த்தேன். "எண்ணிக்க" என்பதை எப்படி இழுத்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்தேன்.

எனக்குத் தட்டு. அவளுக்குக் கிண்ணம். நடுவராக வந்திருந்த ஓவிய ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "கற்பனைக்கே முழு மார்க் போட்டேம்மா. எங்கேருந்து புடிச்ச இந்த யோசனைய?" என்று கேட்டார். நானாக யோசித்தேன் சார் என்று சொன்னேன். அதில் என் கற்பனை ஒரு சொல்கூட இல்லை, ஒட்டகத்தைத் தவிர.

நான் குழாயடியில் முகப்பவுடரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அங்க வெள்ளிக்கெழமதான் லீவா?" என்று கேட்டாள்.

"ஆமா. எங்கப்பா வெள்ளிக்கெழமதான் பூசைக்குப் போவாங்க."

"மழை?"

"ஆடியில எல்லாம் பேயாது."

சரி என்று தலையாட்டினாள். கிண்ணத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். எனக்கு அப்போது வருத்தமாக இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலமே முந்நூறு பிள்ளைகள் முந்நூறு வீட்டுக்குக் கதையைக் கொண்டுபோனார்கள். அந்த வரி யாருடைய வரி, அந்த அப்பா யாருடைய அப்பா என்று கண்டுபிடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. நான் பெயர் சொல்லவே இல்லையே என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லும்போது உதட்டோரம் சிரித்துக்கொண்டே சொன்னேன். வாரக்கடைசிக்குள் அவளுக்குப் பாம்பே என்று பெயர் விழுந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் "உள்ளேன் டீச்சர்" என்றால் பின்பெஞ்சில் யாராவது "லீவு டீச்சர், ஞாயித்துக்கெழம" என்பார்கள். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்ததில்லை. தடுத்ததும் இல்லை.

தஞ்சாவூர்ப் போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. அங்கே முதல் வரிசையில் அவள் இல்லை.

திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் அவள் பெஞ்சில் ஒரு இன்லண்ட் லெட்டரை விரித்து வைத்துக்கொண்டு, "இங்க வாடி, கொஞ்சம் ஒக்காரு" என்றாள். மூன்று வாரத்தில் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அம்மாவுக்கு ஒரு வருடமாகவே தெரியுமாம். பம்பாயில் அவரைப் பார்த்துவிட்டு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். துபாய் நாடகத்துக்கு இருந்த ஒரே பார்வையாளர் அவள்தான். மற்றவர்களெல்லாம் ஓசியில் பார்த்தவர்கள்.

"அப்பாவுக்கு எழுதுறேன்" என்றாள். "ஊருக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா அவங்க வரவே மாட்டாங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிக்கிறேன். இனிமே தப்பில்லாம எழுதுனாங்கன்னா நான் எல்லாத்துக்கும் காட்டுவேன். அப்ப ஊர்ல ஒத்துக்குவாங்கல்ல? பாம்பேல இருந்தவருக்கு இப்ப துபாய் கெடச்சிருச்சுன்னு நெனப்பாங்கல்ல? ஒனக்குத்தான் அங்க எல்லாம் தெரியும். சொல்லு."

நான் சொன்னேன். என்ன சொல்ல, எனக்கு அது பிடித்திருந்தது. டீச்சர் மாதிரி விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை லீவு. மழையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. ஆடியில் தார் ரோடு உருகும் என்று எழுதலாம். சாப்பிடுகிற ரொட்டிக்குப் பெயர் குப்பூஸ். நம் ஊரில் மணி ஒன்பது என்றால் அங்கே ஆறரை. அவள் ஒவ்வொன்றையும் எழுதினாள். ஆறரை என்பது குவைத் மணி. துபாய் நேரம் வேறு என்பது எனக்கே அப்போது தெரியாது.

எழுதி முடித்து எனக்குப் படித்துக்காட்டினாள். "அன்புள்ள அப்பாவுக்கு. நீங்க எங்க இருந்தாலும் துபாய்னே எழுதுங்க. எங்களுக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஞாயிற்றுக்கிழமை லீவுன்னு மட்டும் எழுத வேண்டாம்." அதற்குக் கீழே என் பட்டியல். அதற்கும் கீழே, "உங்களுக்கு ஆயிரம் முத்தம். எண்ணிவிட்டேன், சரியாக இருக்கிறது." விலாசம், "துபாய்க்கு வருகிற ஆட்கள் தங்கும் ரூம், இங்கே போட்டால் கொண்டுவந்து தருவார்கள்" என்று அவர் எப்போதும் கொடுத்திருந்த பம்பாய் விலாசம். பசை தடவி ஒட்டி, வீட்டுக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டாள். நானும் கூடப் போனேன்.

அந்த மாதம் கடிதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. போட்ட கடிதமும் திரும்பி வரவில்லை. பொங்கலுக்கு அவள் மாமா ஒருவர் பம்பாய் போய், அந்த ரூமைத் தேடிக் கண்டுபிடித்தார். இருந்தாரு, ஒரு லெட்டர் வந்துச்சு, படிச்சாரு, மறுநாள் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏமாற்றுகிறோம் என்ற நம்பிக்கை இருந்தவரைக்கும் அந்த மனிதரால் மகளுக்குக் கடிதம் எழுத முடிந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை நான்தான் வரி வரியாகச் சொல்லிச் சொல்லிக் கெடுத்தேன்.

அதற்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு என் அப்பா லீவில் வந்திருந்தார். சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, அப்பாவுக்கு நடிச்சுக் காட்டுடி என்றாள் அம்மா. குடையை விரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "ஏங்க, நல்லா இல்லீங்களா?" என்று அம்மா கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. எங்க ரூம்லயும் ரெண்டு பேரு, ஏசி ஓடுதுன்னுதான் வீட்டுக்கு எழுதுறாங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். எங்களுக்கு அவர் எழுதிய கடிதங்களிலும் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பத்தாவது முடிந்ததும் அவளைத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். வழியனுப்ப மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அவள் அம்மா டிக்கெட்டுக்குப் போயிருந்தார். கலைப்போட்டியில் தூக்கி நடித்த, கயிறு கட்டிய அதே சூட்கேஸ் அவள் கையில் இருந்தது. அவளும் அதைக் கீழே வைக்கவில்லை. எதையாவது பேச வேண்டும் என்று, ரிசல்ட் எப்ப வரும் தெரியுமா என்று நான் கேட்டேன்.

"அன்னைக்கு அப்பாவுக்கு நாம எழுதுனதுல ஏதாச்சும் தப்பு இருந்துச்சாடி?" என்று கேட்டாள்.

பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தவளுக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் அதற்கும் சொன்னேன்.

"இல்லடி. எல்லாம் சரியாத்தான் எழுதுன."